பயணத்தை ஒலியாக்குதல்: இண்டி ஃபோக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர் ஊராகச் சென்று திரும்பும் இசைக்குழுக்கள் பயணத்தைப் பற்றி நிறையப் பாடல்கள் எழுதுகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் பயணம் வரிகளோடு நின்றுவிடுகிறது. நெடுஞ்சாலை, இரவு ரயில், அறிமுகமில்லாத ஊரின் விடியல் என்று சொற்கள் வரிசையாக வந்துகொண்டிருக்க, கிட்டாரில் விரல் ஓடும் விதமும், தாளமும், குரல்கள் ஒன்றுசேரும் இடமும் புறப்படுவதற்கு முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. முந்தைய ஆல்பத்தையே திரும்பக் கேட்பது போல் இருக்கிறது என்று ரசிகர் சொன்னால், காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே இங்கே நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு: பயணம் முதலில் ஒலிக்குள் வரட்டும், சொற்களுக்குள் பிறகு வரட்டும். அக்கூஸ்டிக் கருவிகளை மையமாகக் கொண்டு, பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் தாமே பாடல்களைப் பதிவு செய்து வெளியிடும் சிறு இண்டி ஃபோக் குழுவை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

புறப்படும் முன் ஒரு கணக்கெடுப்பு

தங்கள் ஒலி மாற வேண்டும் என்று எல்லாக் குழுக்களும் விரும்புகின்றன. இப்போதைய ஒலி எவற்றால் ஆனது என்பதை எழுதிப் பார்த்த குழுக்கள் குறைவு. கடைசியாக வெளியிட்ட பத்துப் பாடல்களைச் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சுருதி, வேகம், தாள அளவு, கிட்டாரின் ட்யூனிங் (தந்திகளைச் சுருதி கூட்டிய முறை), கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரு கட்டத்தில் அழுத்திச் சுருதியை உயர்த்தும் பிடிப்பான்) வைத்த கட்டம், முதலில் ஒலிக்கும் கருவி, துணைக்குரல் நுழையும் இடம், பாடல் முடியும் விதம் ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். எந்தக் கேள்விக்கெல்லாம் ஏழெட்டுப் பாடல்களில் ஒரே விடை வருகிறதோ அவையே உங்கள் பழக்கங்கள். ஒற்றைக் கிட்டாரோடு தணிந்த குரலில் தொடங்கி, இரண்டாம் சரணத்தில் பான்ஜோ (வட்டத் தோல்முகம் கொண்ட தந்திக் கருவி) சேர்ந்து, பிறகு காலால் அடிக்கும் கிக் டிரம் ஒவ்வோர் அடியிலும் விழ, இறுதியில் எல்லோரும் கூடி ‘ஓ’ என்று முழங்கும் அமைப்பு உங்கள் தாளில் திரும்பத் திரும்பத் தென்பட்டால் வருந்த வேண்டாம். இந்த வகை இசையில் பாதிப் பேரின் தாளிலும் அதுதான் இருக்கும்.

அடுத்து, எதை மாற்றுவது என்று முடிவு செய்யும் முன் எதை மாற்றாமல் வைத்திருப்பது என்று முடிவு செய்யுங்கள். போன் ஈவேர் என்ற அமெரிக்கக் குழுவை நிறுவிய ஜஸ்டின் வெர்னான் 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் தம் தந்தையின் வேட்டைக் குடிலில் தனித்திருந்து உருவாக்கிய முதல் ஆல்பத்தில் கிட்டாரும் ஃபால்செட்டோ எனப்படும் மெல்லிய உச்சக் குரலின் அடுக்குகளுமே பெரும்பகுதி. 2011இல் வந்த இரண்டாம் ஆல்பத்தில் ஊதுகருவிகளும் சிந்தசைஸரும் இடம்பிடித்தன. 2016இல் வந்த மூன்றாவதில் வெட்டி ஒட்டிய ஒலித்துணுக்குகளும் வேண்டுமென்றே சிதைத்த மின்னணு ஓசைகளும் நிறைந்திருந்தன. மூன்றையும் ஒரே கையின் வேலை என்று காட்டிக்கொடுப்பது அந்தக் குரலடுக்கு. உங்களுக்கு அது குரலாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபிடிலும் குரலும் மாறிமாறிப் பேசும் முறையாகவோ, டிரம் இல்லாமலே தாளம் நடக்கும் விதமாகவோ இருக்கலாம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆல்பத்தில் இரண்டு பழக்கங்களுக்கு மேல் மாற்றாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினால் எந்த மாற்றம் வேலை செய்தது என்பது குழுவுக்கே தெரியாமல் போகும்.

நீக்குவதிலும் ஒரு கவனம் தேவை. மம்ஃபோர்டு அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவினர் தங்கள் முதல் இரண்டு ஆல்பங்களின் அடையாளமாக இருந்த பான்ஜோவை 2015இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் ஒதுக்கிவைத்து எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார்கள். அப்படி ஒரு கருவியை எடுக்கும்போது அது பாட்டுக்குள் என்ன வேலை செய்துவந்தது என்று முதலில் கேட்க வேண்டும். பான்ஜோ பெரும்பாலும் அழகுக்காக இருப்பதில்லை. இடைவிடாத சிறு சுரங்களால் பாட்டின் ஓட்டத்தைத் தாங்கும் வேலையை அது செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை ஹைஹாட்டோ (டிரம்மோடு வரும் இரட்டைத் தாளத்தட்டு) மாண்டலினோ ஏற்க வேண்டும், இல்லையென்றால் பாட்டின் வேகமே குறைய வேண்டும்.

வழியில் எதைப் பதிவு செய்வது

கைபேசியின் குரல்பதிவுச் செயலி மெட்டு மறந்துபோகாமல் பிடித்துவைக்கப் போதும். ஓர் இடத்தின் ஒலியைப் பிடிக்கப் போதாது. பல செயலிகள் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன, கோப்பைச் சுருக்கி வேறு வைக்கின்றன. அமைதியான இடத்தில் இரைச்சல் தானே பெருகி எழுவதும் இதனால்தான். கையடக்க ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில், வேவ் வடிவத்தில் பதிவு செய்யுங்கள். மிகப் பெரிய ஓசைகள் கழித்தல் 12 டெசிபல் அளவில் நின்றால் எதிர்பாராத சத்தத்துக்கும் இடமிருக்கும். மைக்குக்கு மேல் காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் திறந்தவெளியில் பதிவு செய்வது வீண். ரெக்கார்டரைக் கையில் பிடிக்காமல் எங்காவது நிலையாக வைத்து, இடத்தையும் தேதியையும் வாய்விட்டுச் சொல்லி, இரண்டு நிமிடமாவது அசையாமல் விடுங்கள். பெயரில்லாத நாற்பது கோப்புகளோடு திரும்பி வந்து எது எந்த ஊர் என்று விழிப்பவர்களுக்குத்தான் இந்தச் சிறு ஒழுங்கின் அருமை தெரியும்.

பதிவு செய்யத் தக்கவற்றை நான் மூன்றாகப் பார்க்கிறேன். முதலாவது துடிப்பு. படகின் இயந்திரம், தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் ஓசை, துடுப்பு, நெசவுத்தறி, மாவு அரைக்கும் இயந்திரம் என்று திரும்பத் திரும்ப வரும் எந்த ஓசையும் ஒரு வேகத்தைக் கொண்டிருக்கிறது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலியில் அதன் அடிக்கு ஏற்ப விரலால் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண் கிடைத்துவிடும். அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மனிதர் இயல்பாக நடக்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 காலடிகள் வரை. பாரம் சுமந்து மேட்டில் ஏறும்போது அது வெகுவாகக் குறைகிறது. மலையேறிய நாளைப் பற்றிய பாட்டைப் பழகிய 120இல் வைக்காமல், அன்று உங்கள் கால்கள் உண்மையில் போட்ட தாளத்தில் வைத்துப் பாருங்கள். சீராக ஓடாமல் அவ்வப்போது தடுமாறும் இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு அடித் தாளத்திலிருந்து வெளியேற அது ஒரு காரணம் தரும்.

இரண்டாவது சுருதி. நம்மைச் சுற்றி எப்போதும் ஏதோ ஒரு சுரம் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் மின்மாற்றியின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அது கிட்டாரின் ஜி சுரத்துக்குச் சற்றே மேலே நிற்கிறது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்த ரீங்காரம் பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நட்டநடுவே விழுகிறது. எல்லை கடந்ததும் ஊரின் ஆதார சுருதியே மாறிவிடுகிறது என்று சொல்லலாம். இப்படி ஒரு ரீங்காரத்தைப் பாட்டின் அடியில் ஒலிக்கவிட விரும்பினால், பதிவை மென்பொருளில் உங்கள் சுருதிக்கு இழுப்பதைவிடக் கிட்டாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது இயல்பாக ஒலிக்கும். ஆனால் ஹார்மோனியம், அக்கார்டியன் போன்ற ரீடு கருவிகளின் சுருதியை அப்படி நகர்த்த முடியாது என்பதால், அவை அந்தப் பாட்டில் இருந்தால் பதிவையே நகர்த்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வெறுமையான இடத்தின் ஒலி. சுரங்கப்பாதை, கல்மண்டபம், காலியான தண்ணீர்த் தொட்டி, உயரமான மாடிப்படிக்கூடம் ஆகியவற்றில் ஒரு பலூனை உடைத்து, எதிரொலி முழுதும் அடங்கும் வரை பதிவு செய்தால், அந்தக் கோப்பைக் கன்வல்யூஷன் ரிவெர்ப் (ஓர் இடத்தின் எதிரொலியை வேறொரு பதிவுக்குத் தரும்) மென்பொருளில் ஏற்றி, வீட்டில் பாடிய குரலையும் அந்த இடத்துக்குள் ஒலிக்கச் செய்யலாம். பாடலின் தொடக்கத்தில் பத்து விநாடி ரயில் சத்தமோ பறவைக் குரலோ வைத்துவிட்டு வழக்கமான பாட்டுக்குள் நுழையும் உத்தியைவிட இது பல மடங்கு மேல். அந்தத் தொடக்கச் சத்தம் ஒரு முகப்புப் படம் மட்டுமே; குரலே அந்த மண்டபத்தில் நிற்கும்போது பாட்டு முழுவதும் அந்த இடம் இருக்கிறது. பலூன் உடைக்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ட்யூனிங் வழியே வரும் மாற்றம்

ஃபோக் கிட்டாரின் வரலாற்றில் பயணம் ஒலியை மாற்றியதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒரு ட்யூனிங்தான். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரேயம் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவுக்குச் சென்றபோது, அங்குள்ள ஊத் (அரபுத் தந்திக் கருவி) கலைஞர்களுடன் சேர்ந்து வாசிப்பதற்கு ஏற்றதாகக் கிட்டாரின் தந்திகளைத் திருத்திக்கொண்டார். வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ வரிசையில் தடித்த ஈ தந்தியை டி-க்கும், பி தந்தியை ஏ-க்கும், மெல்லிய ஈ தந்தியை டி-க்கும் இறக்கினால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற அந்த ட்யூனிங் கிடைக்கும். டி-யை ஸட்ஜமாகக் கொண்டால் தந்திகள் ஸ-ப-ஸ-ம-ப-ஸ என்று ஒலிக்கின்றன. இதில் காந்தாரம் இல்லை. மேற்கத்திய இசையில் மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது காந்தாரம் என்பதால், திறந்த (விரல் அழுத்தாத) தந்திகளை மீட்டும்போது பாட்டு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. பாடகர் எந்தக் காந்தாரத்தைத் தொடுகிறாரோ அதுவே உணர்வை முடிவு செய்கிறது. தம்பூராவோடு கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இராது.

இதைப் பயன்படுத்தும் முறை எளிது. பயணத்தில் கேட்ட ஒரு கருவியின் அடிப்படைச் சுரங்களைக் கண்டுபிடித்து, அவற்றில் எத்தனை சுரங்களைத் திறந்த தந்திகளாக வைக்க முடியும் என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் தெரிந்த கார்டு (சுரக்கூட்டு) எதையும் தேடாமல், ஒரு விரலை மட்டும் நகர்த்தி மீட்டுங்கள். கை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் வடிவங்கள் இங்கே உதவாது என்பதே இந்தப் பயிற்சியின் பயன். சிறுவயதில் போலியோவால் இடக்கை வலுவிழந்திருந்த கனடியப் பாடகி ஜோனி மிட்செல், கடினமான கார்டுகளைத் தவிர்க்கவே திறந்த ட்யூனிங்குகளை நாடினார். அவர் உருவாக்கிய இசையமைப்பு வேறு யாரும் எட்டாத இடத்துக்குப் போனதற்கு அந்தத் தேவை ஒரு முக்கியக் காரணம். அவருடைய 1976ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஹெஜிரா’வின் பாடல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் குறுக்கே காரில் சென்ற நெடும்பயணங்களை ஒட்டி எழுதப்பட்டவை. அந்தப் பாடல்களில் பல்லவி என்று தனியே பிரித்துக் காட்டக்கூடிய பகுதி அரிது, சரணங்கள் சாலையைப் போல் நீண்டுகொண்டே போகின்றன. பயணப் பாட்டு எழுதும் குழு கேட்டே தீர வேண்டிய ஆல்பம் அது.

வரிகளுக்கு வரும்போது

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. நிலத்தை வைத்து உணர்வைச் சொல்வதற்கென்றே சங்கப் புலவர்கள் ஓர் ஒழுங்கை வைத்திருந்தார்கள்: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தின் உயிர்கள், மரங்கள், தொழில், பறை, யாழ் எல்லாம் கருப்பொருள், அங்கே நிகழும் அக உணர்வு உரிப்பொருள். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இந்த மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஓர் இடத்தில் கண்டதையும் கேட்டதையும் அதனதன் பகுதியில் எழுதுங்கள். பிறகு பாட்டை எழுதும்போது முதல் இரண்டு பகுதிகளை மட்டும் பயன்படுத்துங்கள். தனிமை, ஏக்கம், விடுதலை என்று மூன்றாம் பகுதியில் எழுதிய சொற்கள் எதுவும் வரிகளில் வரக்கூடாது; அந்த உணர்வு மெட்டிலிருந்து எழ வேண்டும். கடுமையான விதியாகத் தோன்றும், ஆனால் பயணப் பாடல்களில் மலிந்து கிடக்கும் வெற்று உருக்கத்தை இதைவிட நன்றாக வடிகட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கொடை ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்வதே அதன் அமைப்பு. ‘நான் போனேன், நான் பார்த்தேன்’ என்று தொடங்கும் வரிகளை, அதே வழியில் இனிமேல் போகப்போகும் ஒருவரிடம் பேசுவதாக மாற்றி எழுதிப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும், எந்த ஆற்றைப் பகலில் மட்டும் கடக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியதும் வரிகள் தாமாகவே துல்லியமாகிவிடும்.

சொல்லைச் சுரத்தில் பொருத்தும்போது ஒலியை மட்டும் பாருங்கள். நீண்டு நிற்கும் சுரத்துக்கு ஆ, ஓ போன்ற நெடில்கள் பொருந்தும். உச்ச ஸ்தாயியில் ஈ, ஊ ஆகியவை பலருடைய தொண்டையை இறுக்கும். வல்லினம் இரட்டிக்கும் சொற்கள் குரலை ஒரு கணம் நிறுத்துவதால் அவை தாள அடியின் மேல் விழ வேண்டும். ஊர்ப்பெயர்களுக்கும் இதே சோதனைதான். பாடும்போது நன்றாக ஒலிக்காத ஊர்ப்பெயரை, அந்த ஊர் எவ்வளவு பிடித்திருந்தாலும், விட்டுவிடுங்கள்.

சுற்றுப்பயணத்தின்போதே எழுதப்படும் பாடல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விடுதி அறை, வேன், ஒலிச்சோதனை ஆகியவற்றைப் பற்றிய பாடல்களில் பிற இசைக்கலைஞர்களைத் தவிர வேறு யாருக்கும் அக்கறை இருப்பதில்லை.

புதிய கருவி, புதிய மனிதர்கள்

அமெரிக்கப் பாடகர் ஜாக் காண்டனின் பெய்ரூட் என்ற குழு இதில் பார்க்கத் தக்க முன்மாதிரி. 2006இல் வந்த முதல் ஆல்பம் பால்கன் பகுதியின் பித்தளைக் கருவி இசையை நோக்கியது. 2007இல் வந்தது பிரெஞ்சுப் பாடல் மரபை நோக்கியது. 2009இல் வந்த பதிவுக்காக அவர் மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தைச் சேர்ந்த கிராமத்துப் பேண்டு ஒன்றோடு சேர்ந்து வேலை செய்தார். ஒரு மரபின் சாயலைத் தாமே வாசித்துக் காட்டுவதிலிருந்து, அந்த மரபுக்குள் வாழ்பவர்களையே வாசிக்க அழைப்பதற்கு நகர்ந்த அந்த மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஊதுகருவிக் கலைஞர்களோடு சேரும் கிட்டார் குழுக்கள் முதல் நாளே ஒரு சிக்கலைச் சந்திக்கும். கிட்டாருக்கு ஈ, ஏ, டி, ஜி ஆகிய சுருதிகள் எளிது. டிரம்பெட் போன்றவற்றுக்குப் பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப் ஆகியவை எளிது. விட்டுக்கொடுக்க வேண்டியவர் கிட்டார் கலைஞர்தான், ஏனெனில் அவரிடம் கேப்போ இருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் கேப்போ வைத்து ஜி வடிவங்களை வாசித்தால் பி ஃப்ளாட் ஒலிக்கும்; அதே கட்டத்தில் டி வடிவங்கள் எஃப் ஆகும்; முதல் கட்டத்தில் டி வடிவங்கள் ஈ ஃப்ளாட் ஆகும்.

பிறரிடமிருந்து எடுத்ததற்கு அவர் பெயரைச் சொல்வது பிற்சேர்க்கை அன்று, வேலையின் ஒரு பகுதி. பழைய நாட்டுப்பாடல் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், ஒருவர் அதற்குச் செய்த இசைக்கோவைக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு. ஆங்கில ஃபோக் கலைஞர் மார்ட்டின் கார்த்தி கிட்டாரில் அமைத்திருந்த ஒரு பழைய ஆங்கிலப் பாடலை லண்டனில் அவரிடமிருந்து அமெரிக்கப் பாடகர் பால் சைமன் கற்றார். 1966இல் அது சைமன் அண்ட் கார்ஃபங்கல் ஆல்பத்தில் வந்தபோது கார்த்தியின் பெயர் அதில் இல்லை. அந்த மனத்தாங்கல் நெடுங்காலம் நீடித்து, 2000ஆம் ஆண்டில் லண்டன் மேடையில் இருவரும் சேர்ந்து அதே பாடலைப் பாடியபோதுதான் வெளிப்படையாகத் தீர்ந்தது. ஆகவே வழியில் யாரிடமாவது ஒரு மெட்டைக் கற்றால், கற்றுத்தந்தவர் பெயரையும், பதிவு செய்ய அவர் இசைந்தாரா என்பதையும், வருவாயில் பங்கு எப்படி என்பதையும் அன்றே எழுதிவையுங்கள்.

திரும்பிய பிறகு

குழுவில் எல்லோரும் பயணம் சென்றிருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், போகாமல் இருந்தவரே நல்ல நடுவர். பதிவுகளை எந்த விளக்கமும் சொல்லாமல் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்தப் பதிவைக் கேட்டு அவர் ‘இது என்ன?’ என்று நிமிர்கிறாரோ அதிலிருந்து தொடங்குங்கள். போய்வந்தவருக்கு எல்லாப் பதிவுகளும் நினைவோடு சேர்ந்தே கேட்கும் என்பதால் அவருடைய தேர்வை நம்ப முடியாது.

ஒத்திகையில் ஒவ்வொரு புதிய பாட்டையும் முதலில் ஒரு குரல், ஒரு கருவி என்ற அளவில் முழுதாகப் பாடிப் பாருங்கள். அதில் நிற்காத பாட்டை மண்டபத்தின் எதிரொலியும் படகின் துடிப்பும் காப்பாற்றாது. பிறகு சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் கணக்கெடுப்புத் தாளை எடுத்துப் பாருங்கள்: பழைய பழக்கம் ஒன்று கைவழியே திரும்பி நுழைந்திருக்கிறதா? பெரும்பாலும் நுழைந்திருக்கும், குறிப்பாகப் பாடலின் கடைசி நிமிடத்தில். மிக்ஸிங்கில் (பதிவுகளைக் கலந்து சமன்செய்யும் கட்டத்தில்) வழியில் பதிவு செய்த ஒலிகளின் அடித்தட்டு இரைச்சலை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாஸ் கருவிக்கு இடம் கிடைக்கும். ரீங்காரத்தையே ஆதாரமாக வைத்த பாட்டில் மட்டும் அந்த வெட்டை இன்னும் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் போகும்போது புதிய பாடல்களை மட்டும் அடுக்காமல், பழைய பாடல்கள் இரண்டு மூன்றைப் புதிய ட்யூனிங்கிலும் புதிய தாளத்திலும் அமைத்துக்கொண்டு போங்கள். தெரிந்த மெட்டு புதிய ஒலியில் வரும்போது கூட்டம் மாற்றத்தோடு எளிதாக ஒட்டிக்கொள்ளும். பாடல் வரிசையை ட்யூனிங் அடிப்படையில் தொகுத்தால், இடையிடையே தந்தி முறுக்கிக்கொண்டு நிற்கும் நேரம் குறையும். இரண்டாவது கிட்டார் இல்லாத குழு, வழக்கமான ட்யூனிங்கில் உள்ளவற்றை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒரே முறை டி-ஏ-டி-ஜி-ஏ-டி-க்கு இறங்கிக் கடைசிவரை அதிலேயே இருக்கட்டும். இறக்கும்போது ஒவ்வொரு தந்தியையும் வேண்டிய சுரத்துக்குக் கீழே வரை தளர்த்தி, லேசாக இழுத்துவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து நேராக இறக்கி நிறுத்திய தந்தி, பாட்டின் பாதியில் சுருதி விலகிவிடும்.